வழவழப்பு போகும் வரை

தேவசகாயத்தின் விரல்களில் ரேகை கிடையாது. பிறக்கும்போது இருந்தது. காஸ்டிக் சோடா தின்றுவிட்டது.

மறைமலைநகர் தாண்டி இருந்த ஓர் எஞ்சினியரிங் காலேஜ் லேபில் பதினோரு வருஷமாக அவர் தற்காலிக ஊழியர். மாமல்லபுரம் சாலையோரம் மண்டிக்கிடக்கும் ரயில் கற்றாழையின் நாரைக் காஸ்டிக் கரைசலில் ஊறப்போட்டு, அலசி, காயவைப்பது வேலை. அந்த நாரை மக்காச்சோளத்தில் செய்த பிளாஸ்டிக்கோடு சேர்த்து அழுத்தினால், மண்ணில் மட்கிப்போகிற, ஆனால் லேசில் உடையாத தகடு கிடைக்கும். காஸ்டிக் நாரின் மெழுகை அரித்துச் சொரசொரப்பாக்கும். அப்போதுதான் பிளாஸ்டிக் அதைக் கவ்விப் பிடிக்கும். அலசும்போது துளி காஸ்டிக் உள்ளே தங்கினாலும் போச்சு. பிளாஸ்டிக்கையே அது அரித்துவிடும்.

அலசலை எங்கே நிறுத்துவது என்பதில்தான் சூட்சுமம். ஆராய்ச்சி மாணவன் கிரிதர் லிட்மஸ் காகிதத்தை நம்பினான். ஆறு மாதம் தகடு தகடாக உடைந்தது.

"பேப்பரு தண்ணியத்தான் சொல்லும் தம்பி, நாரைச் சொல்லாது," என்றார் தேவசகாயம். கையுறையைக் கழற்றிவிட்டு நாரை இரண்டு விரலுக்கு நடுவே உருவினார். "இன்னும் வழவழன்னு கீது. காஸ்டிக் உள்ளாற தங்கிக்கினு கீது. இன்னோரு தபா அலசணும்."

மறுபடி அலசிய அந்த நாரில் செய்த தகடு உடையவில்லை. கிரிதர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "அண்ணா, நீங்கதான் என் மெஷின்!"

அந்த ஒரு வார்த்தையில் குளிர்ந்துபோன மனுஷன் அதற்குப் பிறகு கையுறையைத் தொடவே இல்லை. வீட்டில் மனைவி சாராள் தேங்காயெண்ணெய் தடவித் தடவி அலுத்துப்போனாள். கிரிதர் டாக்டர் பட்டம் வாங்கினான். அந்த லேபுக்கே தலைவராகி, 'வந்தான் போனான்' என்று சொல்ல முடியாத ஆளாகிவிட்டார். அவருடைய ஆய்வேட்டில் 'வழவழப்பு போகும் வரை நார் அலசப்பட்டது' என்று ஒரே ஒரு வரி இருந்தது. அலசியது யார் என்று இல்லை. தேவசகாயம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் நிரந்தர வேலை.

2008-ல் அதற்கு வழி பிறந்தது. வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வந்திருந்தால் நிரந்தரம் என்று நிர்வாகம் அறிவித்தது. கூடவே கேட்டில் விரல் வைக்கிற மெஷினும் வந்தது. தேவசகாயம் விரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். பத்துக்கும் சிவப்புதான்.

"பேஜாரு புடிச்ச மெஷினு. நீ நோட்டுல கையெழுத்துப் போடு அண்ணாத்த, ஆபீஸ்ல பாத்துப்பாங்க," என்றார் வாட்ச்மேன் சதாசிவம்.

ஒரு நாள் விடாமல் போட்டார். வருஷக் கடைசியில் ஆபீஸ் மெஷினை மட்டும் பார்த்தது. மெஷினைக் கேட்டால் தேவசகாயம் என்று ஒருவர் அங்கே வேலைக்கே வரவில்லை.

கிரிதரிடம் ஓடினார். "காஸ்டிக்கால ரேகை போச்சு, ஆளு தெனம் வந்துகினுதான் இருந்தாருன்னு ஒரு லெட்டர் குடுங்க சார். அது போதும்."

கிரிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புரியுது தேவசகாயம். ஆனா அப்படி எழுதினா, கையுறை இல்லாம ஏன் வேலை வாங்கினேன்னு என்னைத்தான் கேப்பாங்க. ஆய்வுக்குழு வேற வரப்போகுது. உங்களை யாரு கையுறையைக் கழட்டச் சொன்னா?"

அண்ணா எந்த வருஷத்தில் தேவசகாயமாகிப் போனார் என்று தேவசகாயம் யோசித்தார். யாரும் சொல்லவில்லைதான். அவராகத்தான் கழற்றினார், இவனுக்காக.

அந்த மாதமே வேலை போயிற்று. ஒரு கார் பாகக் கம்பெனியின் கேன்டீனில் தட்டு கழுவப் போனார். மூன்றாவது வாரம் கிரிதர் போன் செய்தார். புது ஆள் பார்த்தசாரதி ஊறப்போட்ட நாரில் எல்லாத் தகடும் உடைகிறது, குழு அடுத்த வாரம் வருகிறது. "ஒரே ஒரு தடவை வந்து பதம் பார்த்துச் சொல்லிட்டுப் போங்க அண்ணா."

மறுபடியும் அண்ணா. போனார். புதுக் கையுறை போட்டிருந்த பார்த்தசாரதி தொட்டியிலிருந்து ஒரு பிடி நாரை எடுத்துக் கொடுத்தான். தேவசகாயம் விரலுக்கு நடுவே உருவினார். மெஷினுக்குச் செத்துப்போன அந்த விரல்கள் நாருக்கு இன்னும் உயிரோடுதான் இருந்தன. வழவழப்பு நன்றாகவே தெரிந்தது. குறைந்தது இன்னும் இரண்டு அலசலாவது வேண்டும்.

"எப்படி இருக்குண்ணா?" கிரிதர் பக்கத்தில் வந்து நின்றார்.

பதினோரு வருஷத்தில் நார் விஷயத்தில் தேவசகாயம் ஒரு பொய் சொன்னதில்லை. நாரைத் திரும்பத் தொட்டியில் போடாமல் பார்த்தசாரதியின் கையில் வைத்தார்.

"சரியா கீது சார்," என்றார். "காயப் போடச் சொல்லுங்க."