விப்சானியாவின் பக்கம்

1982ஆம் ஆண்டு மார்ச் மாதம் பன்னிரண்டாம் திகதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின்னர், மருதமுனையில் சபியா உம்மாவின் வீட்டு மண்டபத்துக்கு அவருடைய இளைய மகள் ஸம்ஸியாவைப் பெண் பார்க்க இருவர் வந்தனர். ஒருவர் மாப்பிள்ளை றவூபின் தாய் சுல்பிகா. மற்றவர் சுல்பிகா 'காக்கா' என்றழைக்கும் மூத்த சகோதரர் கச்சிமுகம்மது. சபியா உம்மாவின் மூத்த மருமகன் மஜீட் மாஸ்டர், சுவரில் தொங்கிய படுக்கை விரிப்பை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

விரிப்புக்குப் பின்னால் பேரரசர் அகஸ்டஸின் குடும்பம் இருந்தது. உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு உரோம வரலாற்றை அந்த மண்டபத்திலேயே கற்பித்துவந்த மாஸ்டர், யார் யாரை மணந்தார், யார் யாரை விலக்கினார் என்பதைச் சிவப்பிலும் பச்சையிலும் வரைந்து, கோதுமைமாப் பசையால் ஒட்டியிருந்தார். காலையில் அதை உரிக்க முயன்றபோது சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.

"காக்காட மகளத் தம்பிக்காரன் முடிச்ச படம் மருமகன் இது! மாப்புள ஊட்டார் கண்டா என்ன நெனப்பாங்க? இந்தச் சம்மந்தம் போச்செண்டா உங்கட வகுப்பும் இந்த ஊட்டுல இல்ல" என்று சபியா உம்மா எச்சரித்திருந்தார். சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரே மாஸ்டர் என்பதால், அவரால் மறுத்துப் பேச இயலவில்லை.

கச்சிமுகம்மது பிளேன்டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு எழுந்தார்.

"செவருக்கும் கோஷாவா மாஸ்டர்?"

விரிப்பு நழுவியது. தாய்வழிக் குடி, மண உறவுமுறை வழக்குகளில் பள்ளிவாசலே அழைத்து விசாரிக்கும் மனிதர் அவர்; கோடுகளைக் கண்டதும் விரல் தானாக நீண்டது. கேட்கப்பட்ட கேள்விக்கு விடை சொல்லாதிருப்பது மாஸ்டருக்குக் கைவராத கலை.

"இந்த யூலியா?"

"ராஜாட ஒரே மகள். முதல்ல மாமி மகன முடிச்சா."

"சரியான முறை" என்று கச்சிமுகம்மது, தம் ஒப்புதலுக்காகவே உரோமாபுரி காத்திருந்ததைப் போல அனுமதித்தார். "இவன்?"

"மூணாவது மாப்புள, திபேரியஸ்."

"இவனுக்குத்தான் ஏற்கனவே பொஞ்சாதி இரிக்காளே, கோடு போட்டிரிக்கீங்க?"

"ஓம் காக்கா. விப்சானியா. அவள உட்டுப்போட்டு என்ட மகளக் கட்டெண்டு ராஜா சொல்லிட்டார். வயித்துல புள்ளையோட உட்டான்."

"அவள் செஞ்ச குத்தம்?"

"ஒண்டுமில்ல."

"ராஜாட ஊடு பெரிசு. அதான் குத்தம்" என்ற கச்சிமுகம்மது தங்கையைப் பார்த்தார்.

"காக்கா, ரோமாபுரிக் கதைய இங்க ஏன்?"

"நான் ரோமாபுரியத்தான் கதைக்கன். நீ ஏன் மூஞ்சத் தூக்குறாய்?"

சபியா உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு மகள வெச்சிரிக்கிற வாப்பா நல்ல மாப்புள தேடப்படாதா?"

"தேடலாம் ராத்தா. இன்னொருத்திட ஊட்டுக்குள்ள தேடப்படா."

மாஸ்டருக்கு அப்போதுதான் விளங்கியது. றவூபுக்கு அவனுடைய மாமா மகள் உம்மு என்று சிறுவயதிலேயே பேசியிருந்தார்கள். அந்தப் பேச்சு கைவிடப்பட்டதாகச் சுல்பிகா கூறியிருந்தார். கைவிட்டவர் யார் என்று மாஸ்டர் கேட்கவில்லை. ஸம்ஸியாவுக்குச் சீதனமாகக் கட்டிய ஓட்டு வீட்டைச் சுல்பிகா கண்ட பிறகே அது நடந்திருந்தது. உம்முவின் தகப்பனாரான கச்சிமுகம்மதுவோ, தங்கை மகனுக்கு வேறு பெண் பார்க்க, மரியாதையின் நிமித்தம், இதோ முன்னால் நிற்கிறார்.

உள்ளறை வாசல் திரைக்குப் பின்னாலிருந்து ஸம்ஸியாவின் குரல் வந்தது.

"மச்சான், திபேரியஸ் பொறகு அவளக் கண்டானா?"

ஒரு பொய் போதுமாயிருந்தது. ஆனால் அவர் வரலாற்று ஆசிரியர்.

"ஒருக்காக் கண்டான். அழுதழுது பின்னாலயே போனானாம். பொறகு அவள அவன்ட கண்ணுல காட்டவேயில்ல."

"அப்ப எனக்கு இந்த மாப்புள வேணாம். ரோட்டுல ஆரயாவது கண்டு அழுவுற மனிசனுக்கு நான் சோறாக்க ஏலா."

சபியா உம்மா தலையில் கைவைத்தார். சுல்பிகா முந்தானையைச் சரிசெய்தார். கச்சிமுகம்மது மட்டும் ஆறிப்போன பிளேன்டீயை முழுவதும் குடித்தார்.

அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்னர் முடிவானவை இவை: றவூபுக்கு உம்முவே மணப்பெண், அறுவடை நெல் வீடு சேர்ந்ததும் நிக்காஹ். ஸம்ஸியாவுக்கு நோன்புப் பெருநாளின் பின்னர் வேறு இடம் பார்க்கப்படும். அதில் மஜீட் மாஸ்டர் தலையிடலாகாது. வகுப்பு அயலிலுள்ள கைத்தறிக் கொட்டிலுக்கு மாறும். தறிச் சத்தத்தை மீறிப் பேசுவது மாஸ்டரின் பொறுப்பு. ஸம்ஸியாவும் அங்கே சென்று படிக்க அனுமதி கேட்டாள். சபியா உம்மா இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை மறுக்கவில்லை.