துணி காயப்போட ஒரு கம்பி

மகளின் குரல் நான்கு வெள்ளி ஐம்பது காசு. அறுபதடிச் செப்புக்கம்பி, அடி எட்டுக் காசு வீதம் நாலு எண்பது. பழகிய முகத்துக்காக முப்பது காசு தள்ளுபடி. இரும்புக்கடை ஷரீஃபுதீன் ராவுத்தர் சொன்ன விலை அது. தான் விற்பது ஒரு குரலை என்று அவருக்குத் தெரியாது. வாங்க வந்த மாணிக்கவாசகத்துக்குத் தெரியும். தெரிந்தும் அவர் நாலு வெள்ளிக்கு மேல் அசையவில்லை.

மலாய் நாட்டுக் காஜா பெராங்கில் மாணிக்கவாசகம் வீட்டுப் பின்புறம், கிணற்றை ஒட்டி, முப்பதடி உயரத்தில் ஒரு நிபோங் மரக் கம்பம் நின்றது. ரேடியோவுக்காக நட்டது. உள்ளூர் நிலையம் என்றால் ஜன்னலில் ஒரு முழம் கம்பியைத் தொங்கவிட்டாலே பேசும். சென்னை பேச வேண்டுமானால் கடல் தாண்டி வருகிற சிற்றலையை உயரத்தில் நின்று எட்டிப் பிடிக்க வேண்டும். ஐம்பத்தொன்றில் மகள் கமலவேணி பாட்டுப் படிக்கச் சென்னைக்குக் கப்பலேறியபோது, "ஒருநாள் ரேடியோவில பாடுவா, நாம இங்கேருந்து கேக்கணும்" என்று ஆள் வைத்துக் கம்பம் நட்டவர் அவரேதான்.

மூன்றாம் வருஷம் அவள் பாடத்தான் செய்தாள். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னால், தனக்குப் பிடில் வாசித்தவனை, அப்பாவுக்கு ஒரு வார்த்தை எழுதாமல் கட்டிக்கொண்டாள். பாட்டு வர இருந்த அன்று மாணிக்கவாசகம் பாராங் கத்தியை எடுத்துப் போய்க் கம்பியை வெட்டினார். வெட்டியதைச் சும்மாவும் போடவில்லை. பழைய செம்பு விலைக்கு எடை போட்டு விற்றார். ஆத்திரத்திலும் நஷ்டப்படாத மனிதர் என்று கடைத்தெருவில் அவருக்கு ஒரு பெயர் உண்டு.

மொட்டையாக நின்ற கம்பத்தில் மனைவி சிவகாமசுந்தரி அவரைக்கொடியை ஏற்றிவிட்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் மகள் பெயர் புழங்கவில்லை. அவரைக்காய்தான் புழங்கியது.

சுதந்திர நாளான மெர்டேக்காவுக்கு ஊரே தோரணம் கட்டிக்கொண்டிருந்த ஐம்பத்தேழு ஆகஸ்ட் கடைசி வாரத்தில் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. அம்மா பேருக்கு.

'தொண்டையில் கழலை. செப்டம்பர் இரண்டாம் தேதி அறுக்கிறார்கள். அதன் பிறகு பேச்சு வரும், பாட்டு வராது என்கிறார் டாக்டர். முப்பத்தொன்று, சனிக்கிழமை, இந்திய நேரம் மாலை ஐந்தரைக்குக் கால்மணி நேரம் பாடுகிறேன். கேட்க முடிந்தால் கேள், அம்மா.'

அப்பாவைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை. சிவகாமசுந்தரி கடிதத்தைப் படித்துவிட்டு, கணவன் சாப்பிடும்போது தண்ணீர்ச் செம்புக்கு அடியில் வைத்தாள்.

"வெட்டின கையாலேயே கட்டிக் குடுங்க. வேற எதையும் நான் கேக்கல" என்றாள்.

வியாழக்கிழமை அவர் இரும்புக்கடைக்குப் போனது அப்படித்தான். ஜாலான் துக்காங் எமாஸ் தெருமுனையில், ராவுத்தர் ஆணிப் பீப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மாமன் மாப்பிள்ளை முறை சொல்லி இருபது வருஷமாக ஒருவரை ஒருவர் ஏமாற்றப் பார்த்து, இருவருமே தோற்றுப்போன சிநேகம்.

"செப்புக்கம்பி எதுக்கு மாமா?"

இங்கேதான் வியாபாரி புத்தி வேலை செய்தது. தேவையைக் காட்டினால் விலை ஏறும். நாக்கு வறண்டு செத்தாலும், தாகம் என்று சொல்லி இளநீருக்கு விலை கேட்கக் கூடாது. இது மாணிக்கவாசகத்துக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம்.

"துணி காயப்போட" என்றார்.

"செப்புலயா? மாமி தினம் பட்டுப்புடவையா துவைக்கிறாங்க?"

"இரும்பு துருப்பிடிச்சு வேட்டியெல்லாம் கறையாப் போவுது. விலையச் சொல்லு மாப்ளே."

"சொன்னேனே, நாலரை."

"மூணு."

"மூணு வெள்ளிக்குச் சணக்கயிறு தரேன். அதுலயும் துணி காயும்."

"சரி, நாலு. அதுக்கு மேல ஒரு காசு ஏறினாலும் நான் ஈரவேட்டியோடயே திரிஞ்சுக்கிறேன்."

"ஊரு பூரா விளக்குக் கட்டுறான் மாமா. கம்பிக்குக் கிராக்கி. நாலரை."

"சுதந்திரம் வந்தா விலையெல்லாம் எறங்கும்னாங்க?"

"வெள்ளைக்காரன்தான் போறான். நான் இங்கதான் இருக்கேன்."

மாணிக்கவாசகம் சிரிக்காமல் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். இது கோபமில்லை, முறை. வாங்குபவன் இறங்கி நடக்க வேண்டும், விற்பவன் கூப்பிட வேண்டும். கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் மூன்றாவது தூணைத் தாண்டுவதற்குள் கூப்பாடு வந்துவிடும். தேங்காயெண்ணெய் வாங்கினாலும் சரி, தோட்டமே வாங்கினாலும் சரி, மூன்றாவது தூண்தான் கணக்கு.

முதல் தூண். இரண்டாவது. மூன்றாவது தூணில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு தரம் துடைத்தார். மறுதரமும் துடைத்தார். பின்னால் ஏதோ லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது; கூப்பாடு கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் ஐம்பது காசு தோற்றுப்போகும். பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். நாளைக்குக் காலையில் அவனே நாலேகாலுக்கு இறங்குவான் என்று வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நாலரை வெள்ளியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு போய் நின்றார்.

"குடு மாப்ளே. நீ ஜெயிச்சே."

"எத?"

"நேத்துப் பாத்த கம்பி."

"அது நேத்தே போச்சே! நீங்க அந்தப் பக்கம் எறங்கினீங்க, லாரி இந்தப் பக்கம் வந்துச்சு. பண்டார் ஹிலிர் திடல்ல விளக்குக் கட்டணுமாம். அஞ்சரைன்னேன். பேரமே பேசல, மடையன், எண்ணி வெச்சிட்டுப் போயிட்டான்."

மாணிக்கவாசகம் ஆணிப் பீப்பாய் மேல் உட்கார்ந்தார்.

"கமலம் பாடுறா மாப்ளே. நாளைக்கு. தொண்டைய அறுக்கப் போறாங்களாம். இதான் கடைசியாம்."

ராவுத்தர் எழுந்தே விட்டார்.

"அட, பாவி மனுசா! துணி காயப்போடன்னீங்களே! புள்ளைக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, காசா கேட்டிருப்பேன்? கடைக் கூரையையே பிரிச்சுக் குடுத்திருக்க மாட்டேனா?"

"சொன்னா நீ விலைய ஏத்துவேன்னு…"

"ஏத்துவேன்தான்!" என்று கத்திய ராவுத்தர் உடனே குரலை இறக்கினார். "ஏத்திட்டு, குடுத்திருப்பேன் மாமா."

தெருவிலிருந்த மற்ற இரும்புக்கடைகளிலும் கேட்டார்கள். செம்பு ஒரு சாண் இல்லை. எல்லாம் விளக்குக்குப் போயிருந்தது. ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தும் ராவுத்தர் ஒரு திரிஷா வண்டியைப் பிடித்து அவரைத் திடலுக்குக் கூட்டிப் போனார். அங்கே அந்த அறுபதடியும் பத்துப் பத்தடியாக நறுக்கப்பட்டு, மரத்துக்கு மரம் ஏறி, சிவப்பும் மஞ்சளுமாகப் பல்புகளைச் சுமந்துகொண்டிருந்தது. ஏணியில் நின்ற மலாய்க்காரர் விஷயத்தைக் கேட்டு வருத்தப்பட்டார். அவிழ்த்துத் தரக்கூட அவர் தயார்தான். துண்டைத் திருப்பித் தரலாம், முழுசை எப்படித் தருவது? முறுக்கிச் சேர்த்தால் ஒட்டுக்கு ஒட்டு இரைச்சல் ஏறும்.

ராவுத்தர் கடையிலிருந்து துத்தநாகம் பூசிய இரும்புக்கம்பி எழுபதடி வந்தது. காசு நீட்டியபோது, வாழ்நாளில் முதன்முறையாக அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் ரேடியோ பழுது பார்க்கும் நடராஜன் வந்தார். பூவும் பிஞ்சுமாக இருந்த அவரைக்கொடியை சிவகாமசுந்தரியே அரிவாளால் அறுத்து இழுத்துப் போட்டாள். கொடி மறைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது: கிணற்று ஈரத்தில் கம்பத்தின் அடி இற்றுப்போயிருந்தது. இற்றதை அறுத்து எறிந்து மிச்சத்தை நட்டதில், முப்பதடி பதினெட்டடியானது.

"எத்தன மணிக்கு அண்ணே பாட்டு?" என்றார் நடராஜன், கம்பியை முறுக்கியபடி.

"இந்திய நேரம் அஞ்சரை. நமக்கு ரெண்டு மணி கூட்டிக்க."

"ஏழரையா? சனிக்கிழமையும் அதுவுமா! நல்லாப் பாத்துத்தான் நேரம் குடுத்திருக்கான்."

யாரும் சிரிக்காததால் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இரும்பு பிடிக்காதுன்னு இல்லண்ணே. பிடிக்கும். உசரமும் கம்மி, கம்பியும் சொத்தை. அதோட இன்னிக்கு ஊரு பூரா பல்பு. ஒவ்வொரு பல்பும் ரேடியோவுக்கு ஒரு கொசு. நல்லபடியா எதிர்பாக்காதீங்க. எதிர்பாக்காமயும் இருக்காதீங்க."

மாலையில் அக்கம்பக்கத்து வீடுகள் திடலுக்குக் காலியாயின. சிவகாமசுந்தரி குளித்துத் தலையை ஈரத்தோடு முடிந்து, ரேடியோவுக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தாள். மாணிக்கவாசகம் குமிழைப் பிடித்தார். தன் கடையில் பொன் நிறுக்கும் குன்றிமணித் தராசு பிடித்துப் பழகிய கை அது. மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார்.

ஏழரை. சென்னை இருக்க வேண்டிய இடத்தில் சென்னை இல்லை. மூன்று நிமிடம் தேடி, மழைக்குள் யாரோ முணுமுணுப்பது போல ஒரு தமிழ் வார்த்தை தட்டுப்பட்டது. பிடித்து நிறுத்துவதற்குள் பல்புகளின் இரைச்சல் ஏறி அதன் மேல் உட்கார்ந்தது. கடலை வறுப்பது போல ஐந்து நிமிடம். பிறகு எங்கிருந்தோ ஒரு சீன நாடகம், தாளமும் தட்டும் போட்டுக்கொண்டு குறுக்கே நடந்து போனது.

அது போன இடைவெளியில் ஒரு குரல் வந்தது.

பெண் குரல். கனத்த, அடியில் கொஞ்சம் கரகரப்புத் தட்டிய குரல். ஒரே இடத்தில் நின்று, மெல்ல ஏறி, ஏறிய இடத்தில் நடுங்கியது. சிவகாமசுந்தரியின் கை தானாக அவர் முழங்காலைப் பற்றியது. மூன்று வருஷத்தில் அந்தக் கை அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ஒரு நிமிடம் இருக்கும்.

பக்கத்துச் சந்தில் சரவெடி வெடித்தது. "மெர்டேக்கா! மெர்டேக்கா!" என்று கூட்டம் கத்திக்கொண்டே தெருவில் போனது. வெடி ஓய்ந்தபோது ரேடியோவில் ஓர் ஆண் நிதானமாகச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தான். கடிகாரத்தில் ஏழே முக்கால்.

"அவதானே?" என்றாள் சிவகாமசுந்தரி.

அவர் கடைசியாகக் கேட்டபோது மகளுக்குப் பத்தொன்பது வயது. வெண்கல மணி போன்ற தொண்டை. இப்போது கேட்டது அவளாக இருக்கலாம். கழலை அப்படி ஆக்கியிருக்கலாம். கடலுக்கு அந்தப் பக்கம் பாடுகிற ஆயிரம் பெண்களில் எவளாகவும் இருக்கலாம். பெற்ற மகளின் குரல் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"அவதான்" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வியாபாரியோடு முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியவள். சரக்கு இல்லாமலே இருக்கிறது என்று சொல்லும் குரல் எது என்று அவளுக்குத் தெரியும். கையை எடுத்துக்கொண்டாள். ரேடியோவை அணைத்து, பாயைச் சுருட்டி, அடுக்களைக்குள் போனாள்.

மாணிக்கவாசகம் இருந்த இடத்திலேயே இருந்து கணக்குப் பார்த்தார். வரவேண்டியது பதினைந்து நிமிடம். நிலையம் தேடியதில் மூன்று. விளக்குகளுக்கு ஐந்து. சீன நாடகத்துக்கு இரண்டு. வெடிக்கும் மெர்டேக்காவுக்கும் நான்கு. ஆகச் செலவு பதினான்கு. கையிருப்பு ஒன்று. அதை மகள் பேரில் வரவு வைக்க அத்தாட்சி இல்லை. அடித்துவிடக் கை வரவில்லை. யார் கொடுத்ததென்று தெரியாமல் கல்லாவில் கிடக்கும் பணத்தை எழுதுகிற பக்கத்தில் எழுதினார்:

அனாமத்து, நிமிடம் ஒன்று.