இரண்டாவது சங்கு

கரீபியன் தீவொன்றில், பாஸ்டேர் நகரத்துச் சர்க்கரை ஆலையின் கடைசி வேலைநாளில் ஹெஸ்கெத் இரண்டாவது சங்கை ஊத மறந்துபோனதால், அந்த ஷிப்டில் இருந்த நாற்பத்தொரு பேருக்கு அதற்குப் பிறகு தூக்கமே வரவில்லை. வேலை தொடங்க ஒரு ஊதல், முடிய இரண்டு ஊதல். அவனுக்கு அங்கே இருந்த வேலையே அவ்வளவுதான், அதிலும் பாதியைக் கோட்டைவிட்டான். கொதிகலன் அறையில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, நினைவு வந்து கயிற்றைப் பிடித்தபோது நீராவி தீர்ந்திருந்தது. நாற்பத்தொரு பேரில் கரும்பு எடைபோட்ட அவன் மனைவி யூலலியும் ஒருத்தி.

முதல் வருடம் மருத்துவர்கள் வந்து பார்த்தார்கள், இரண்டாம் வருடம் விடுதி முதலாளிகள் வந்து பார்த்தார்கள். கரும்பு போன இடத்தில் உல்லாசக் கப்பல்கள் வந்திருந்தன. தூங்காத ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். யூலலி காலையில் துறைமுகக் கடையில் கைக்கடிகாரம் விற்றாள், மதியம் விடுதியில் படுக்கை விரித்தாள், ராத்திரி சூதாட்டக் கூடத்தில் சீட்டுக் கலைத்தாள். வருடத்துக்கு வருடம் மெலிந்து, வெயிலில் நின்றால் விரல் எலும்பு தெரிந்தது. தூங்கணும்போல இருக்கா என்று ஹெஸ்கெத் கேட்கும்போதெல்லாம், “நான் தூங்கிட்டா உன் குறட்டையை யாரு எண்ணுறது?” என்பாள். கரும்பு ஏற்றிய ரயில் இப்போது கப்பல் பயணிகளை ஏற்றியது. அதில் விசில் அடிக்கும் வேலையை, ஊரில் வேறு ஆளே இல்லாததுபோல, அவனுக்கே கொடுத்திருந்தார்கள்.

ஏழாம் வருடம், அதே ஷிப்டைச் சேர்ந்த ஆஸ்பர்ட், மீன்படகு ஒன்று இரண்டு முறை ஊதியதைக் கேட்டதும் ஆட்டுக்கறித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மேசையில் தலை சாய்த்தான். ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தார்கள். அவன் முகத்தில் இருந்த நிம்மதிதான் எல்லாரையும் கதிகலங்க வைத்தது. அன்றிலிருந்து படகு, பேருந்து, கப்பல் எதுவும் பாஸ்டேரில் இரண்டு முறை ஊதுவதில்லை.

போன மாதம் வந்திறங்கிய, ரயிலின் புது மேலாளருக்கு இது தெரியாது. ஒற்றை விசில் சோகமாக இருக்கிறதாம், திங்கட்கிழமையிலிருந்து இரண்டு அடிக்க வேண்டுமாம். ஞாயிறு மாலை ஹெஸ்கெத் அடுக்களையில் போய் நின்றான்.

“யூலி, நாளைக்கு ரெண்டு தடவை ஊதச் சொல்றாங்க. ஊதினா... தூங்கி எந்திரிப்பியா?”

அவள் ஈரப்பலா நறுக்குவதை நிறுத்தினாள்.

“மாட்டேன். கண்ணுக்குள்ள அவ்வளவு தூக்கம் கிடக்கு, ஹெஸ். விழுந்தா எந்திரிக்க மாட்டேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ ஒண்ணு மட்டும் ஊது. மேனேஜர் கேட்டா மறந்துட்டேன்னு சொல்லு, உனக்குத்தான் அது பழக்கமாச்சே. ரெண்டாவது எப்போன்னு நானே சொல்றேன்.”