மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

ஃப்ரிட்ஜைத் திறந்த நர்ஸ் டாலோரஸ் திறந்தபடியே நின்றுவிட்டாள். உள்ளே விரல் நுழைய இடமில்லை. சாம்பார், ரசம், புளியோதரை, இரண்டு வீட்டுத் தயிர்சாதம், யார் கொண்டுவந்தார்கள் என்றே தெரியாத ஓர் அலுமினியத் தட்டு நிறைய உப்புமா. ஒவ்வொரு மூடியிலும், பாத்திரம் திரும்பிப் போகவேண்டிய வீட்டின் பெயரை டேப்பில் எழுதி ஒட்டியிருந்தார்கள். நியூ ஜெர்ஸியின் மான்மவுத் ஜங்ஷனில் ஒரு தமிழ் வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டு அடுப்புக்குத்தான் ஓய்வு. மற்ற வீட்டு அடுப்புகள் அன்று முழுக்க எரியும்.

"மருந்து எங்கே, ஜலஜா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் டாலோரஸ்.

சாப்பாட்டு மேஜையருகே உட்கார்ந்திருந்த ஜலஜாவுக்குத் தெரியவில்லை. முந்தின நாள் காலையில் அவள் கணவர் ஜம்புநாதன் இறந்துபோயிருந்தார். மறுநாள் நர்ஸின் கார் உள்ளே வர வழி வேண்டுமென்று டிரைவ்வேயில் பனி தள்ளிக்கொண்டிருந்தவர், பாதி தள்ளியதும் ஷவலைக் கராஜ் கதவில் சாய்த்துவைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்த ஜலஜா, மனிதர் களைப்பாறுகிறார் என்றுதான் நினைத்தாள். எப்போதும் அவசரப்படுகிறவர் இன்றைக்காவது உட்கார்ந்தாரே என்று சந்தோஷம்கூடப் பட்டாள்.

"அந்த அட்டைப் பொட்டியா மாமி?" என்று ஸிங்க் பக்கமிருந்து திரும்பினாள் வசந்தாமணி. இரண்டு வீடு தள்ளியிருப்பவள். செய்தி கேட்டதும் பனியில் வீட்டுச் செருப்போடு ஓடிவந்தவள், அப்போது பிடித்து இன்னும் உட்காரவில்லை. "சாப்பாடு வெக்கறதுக்கு எடம் பத்தலீங்க. அதான் நேத்தே எடுத்து டெக்குல வெச்சுட்டேன். ஃப்ரிட்ஜவிட அங்க நல்லா ஜில்லுனு இருக்குதுங்க."

அதில் அவள் தவறு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஜனவரியில் நியூ ஜெர்ஸித் தமிழர்கள் யாரும் இன்னொரு ஃப்ரிட்ஜைத் தேடுவதில்லை, பின்பக்கம் மரப்பலகை அடித்த திறந்த மேடையாக டெக் இருக்கிறது. பொங்கலுக்கு முப்பது பேருக்குச் செய்த பாயசமும், பிறந்தநாள் கேக்கும், மீந்த இட்லி மாவும் அங்கேதான் போகும். ஜலஜாவே எத்தனை தடவை வைத்திருக்கிறாள். வசந்தாமணி கண்ணாடிக் கதவைத் தள்ளி, பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். அதற்குள் ஹாலில் ஃபோன் அடிக்கவே, கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

டாலோரஸ் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். உள்ளே எதுவும் சாயவில்லை, வெள்ளையாக உறைந்து கட்டியாகியிருந்தது. மற்றவையும் அப்படித்தான்.

"கொஞ்ச நேரம் வெளியில் வைத்தால் கரையாதா?" என்று கேட்டாள் ஜலஜா.

"கரையும். ஆனால் உன் உடம்புக்குள் விட முடியாது. இது புரதம், ஜலஜா. வேகவைத்த முட்டையை மறுபடி பச்சை முட்டையாக்க முடியுமா? அதுபோலத்தான்." டாலோரஸ் குரலைத் தாழ்த்தினாள். "யார் வெளியே வைத்தது?"

ஹாலில் வசந்தாமணி யாருக்கோ, ஞாயிறன்று சடங்கு நடக்கவிருந்த ஃப்யூனரல் ஹோமுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். ரூட் ஒன்றில் வந்து, இரண்டாவது சிக்னலில் ரைட் எடுத்து.

"அவளிடம் சொல்லவேண்டாம்," என்றாள் ஜலஜா.

அன்று மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டுமென்று டாலோரஸை வரச்சொன்னது ஜலஜாதான். சென்னையிலிருந்து ஃபோன் பேசிய நாத்தனார், "இந்த நேரத்துலயா உனக்கு டிரீட்மென்ட்?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்போ என்று பேச்சை மாற்றிவிட்டாள். ஜலஜா யாருக்கும் விளக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் போய் நின்று, தன் கையால் வாய்க்கரிசி போடவேண்டும். அதற்கு வெள்ளிக்கிழமை மருந்து ஏறினால்தான் ஞாயிறு விரல் மடங்கும். அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அவ்வளவுதான்.

வியாதி நாலு வருஷத்துக்கு முன்னால் வந்தது. முதலில் கார் சாவி திரும்பவில்லை. அப்புறம் ஜாக்கெட் கொக்கி மாட்டவில்லை. ஒருநாள் ஒரு கால் செருப்பு கழன்று கோவில் பார்க்கிங் லாட்டிலேயே கிடக்க, அது தெரியாமல் கார்வரைக்கும் நடந்து வந்துவிட்டாள். உள்ளங்காலுக்குத் தரை தெரியவில்லை. டாக்டர்கள் ஊசியால் குத்தியும் மின்சாரம் வைத்தும் பார்த்து, வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னார்கள். எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரான ஜம்புநாதன் அதை லைப்ரரிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து, தன் பாஷையில் சொன்னார்.

"உன் நரம்புன்னா வயர் மாதிரின்னு வெச்சுக்கோ. உள்ளே இருக்கற தாமிரம் நன்னாத்தான் இருக்கு. மேல சுத்தியிருக்கற ரப்பரை, எதிரின்னு நெனச்சுண்டு உன் உடம்பே கடிச்சு வெச்சுடறது. எலி கடிச்ச வயர்ல கரன்ட் எப்படிப் போகும்?"

"எலிக்கு மருந்து வெக்க வேண்டியதுதானே?"

"உனக்கு ஏத்தப்போற மருந்து எலி மருந்து இல்லே ஜலஜா. இது மனுஷா. ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் குடுத்த ரத்தத்துலேருந்து, எதிர்ப்புச் சக்தியை மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்தது. அத்தனை பேரும் உள்ளே வந்து உட்கார்ந்துண்டா, ரகளை பண்றவனுக்கு எடம் ஏது? கல்யாணத்துல பாக்கலியா? சண்டை போடணும்னே ஒருத்தன் வருவான். முன்வரிசை நாற்காலி பூரா யார் யாரோ உட்கார்ந்திருப்பா. அவன் என்ன பண்ணுவான்? கொஞ்ச நேரம் தூணோரமா நிப்பான். அப்புறம் போயிடுவான்."

"வந்தவா அப்படியே இருந்துடுவாளா?"

"அதெப்படி? மூணு வாரம், நாலு வாரம். ஒவ்வொருத்தராக் கிளம்பிப் போயிடுவா. நாம மறுபடி அழைக்கணும்."

"ஆயிரம் பேர் ரத்தமா! உங்கம்மா இருந்திருந்தா என்னை அடுக்களைப் பக்கமே விடமாட்டா," என்றாள் ஜலஜா. அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது.

அப்படித்தான் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்கு அவர் ஆபீஸுக்கு லீவு போடுவார். காலையிலேயே பாட்டில்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்து, ஜில்லிப்பு போகட்டும் என்று காத்திருப்பார். யாராவது அவற்றைக் குலுக்கினால் நுரைத்துவிடும் என்று அந்தப் பக்கம் போகிறவர்களையெல்லாம் முறைப்பார். டாலோரஸ் ஊசி போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து தன் குறிப்புகளை எழுத, மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். வேகமாக விட்டால் தலைவலி மண்டையைப் பிளக்கும். எனவே அதற்கு மதியம்வரை ஆகும்.

அந்த மணிநேரங்களில் ஜம்புநாதன் வேறு எங்கும் போகமுடியாது. அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டு பேசுவார். கல்யாணமான புதிதில் அவருக்கு வேலை, அப்புறம் மேல்படிப்பு, அப்புறம் அமெரிக்கா, கிரீன் கார்டு, வீடு, பையன் காலேஜ். ஒரு நாளாவது அவளோடு முழுசாக உட்கார்ந்து பேசியிருப்பாரா என்றால் ஜலஜாவுக்கு ஞாபகமில்லை. அவர் சின்ன வயதில் ஒரு சர்க்கஸ் கம்பெனியோடு ஓடிப்போக மூட்டை கட்டினார் என்பதே, கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் கழித்து, ஒரு பாட்டில் பாதி இறங்கியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. "மூட்டையில என்ன வெச்சுண்டேள்?" என்று கேட்டாள். "ரெண்டு டிராயரும் ஒரு டப்பா பொரிவிளங்கா உருண்டையும்," என்றார். டாலோரஸுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்லவே அரைமணி ஆயிற்று.

வியாதிக்கு நன்றி சொல்கிற அளவுக்கு ஜலஜாவுக்குப் பைத்தியம் பிடித்துவிடவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைகளுக்காக அவள் காத்திருந்தாள் என்பது உண்மை. முந்தின நாளே தலைக்குக் குளித்து, நல்ல புடவையாக எடுத்துவைத்துக்கொள்வாள்.

அந்தக் குளிர்காலத்தில், தொண்ணூற்றெட்டாம் வருஷம் பிறந்தபோது, நாடு முழுக்க அந்த மருந்துக்குத் தட்டுப்பாடு. ஜம்புநாதன் ஆபீஸிலிருந்து ஒவ்வொரு கம்பெனியாக ஃபோன் பண்ணி, கெஞ்சி, கோபித்து, மறுபடி கெஞ்சி, கடைசியில் இந்தப் பெட்டியை வரவழைத்திருந்தார். அது வந்த அன்று, பையன் வேலைக்குச் சேர்ந்த செய்தி கேட்டவர்போல வீட்டுக்குள் நடந்தார்.

மத்தியானம் வசந்தாமணியின் கணவர் வெங்கடாசலம், நூவர்க் ஏர்போர்ட்டிலிருந்து அனிருத்தை அழைத்துக்கொண்டு வந்தார். கலிஃபோர்னியாவில் வேலை செய்கிற பையன். ஷூவைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அழுது முடித்து நிமிர்ந்தவன் மேஜையிலிருந்த பாட்டில்களைப் பார்த்தான். டாலோரஸ் போகும்முன் ஒரு சீட்டில் விஷயத்தை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அனிருத் ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். அவன் குரல் ஏறுவதும் இறங்குவதும் கீழே கேட்டது. திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"ரெண்டு வாரத்துக்கு எங்கேயும் கிடையாதாம். ஆஸ்பத்திரியிலயும் அவாளோட எமர்ஜென்சி கேஸுக்குத்தான் வெச்சிருக்காளாம். அம்மா, ஹூ டிட் திஸ்? யார் இதைத் தூக்கி வெளியில வெச்சது? அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கினார், தெரியுமா? எந்த முட்டாள்..."

சமையலறை வாசலில் வசந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். கையில் காஃபி டம்ளர்கள் வைத்த தட்டு.

"நான்தான்," என்றாள் ஜலஜா. "நான்தான் டெக்குல வெக்கச் சொன்னேன்."

"நீயா? உனக்குத் தெரியாதா அம்மா?"

"தெரியும். மறந்துட்டேன். நேத்திக்கு எனக்கு என்ன ஞாபகம் இருந்தது சொல்லு?"

அனிருத் அம்மாவின் தோளில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். வசந்தாமணி தட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். அவள் ஜலஜாவையும் பார்க்கவில்லை, பாட்டில்களையும் பார்க்கவில்லை. கோட்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல் பின்கதவு வழியாகப் போய்விட்டாள்.

சனிக்கிழமை சாப்பாட்டோடு வெங்கடாசலம் மட்டும் வந்தார். "அவளுக்குத் தலவலிங்க மாமி. படுத்திருக்கறா," என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது. வாசல் மிதியடியையே பார்த்துக்கொண்டு சொன்னார். அன்று ஜலஜாவுக்கு வேறு யார் யாரோ தலை வாரிவிட்டார்கள். வழக்கமாக வாரிவிடுகிற வசந்தாமணிக்குத்தான் எங்கே சிக்கு விழும் என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் விரல்கள் இன்னும் மோசமாயின. ஃப்யூனரல் ஹோமுக்குச் சக்கர நாற்காலியில்தான் போனாள். தரை முழுக்க கார்ப்பெட், வரிசையாக மெத்தை நாற்காலிகள். எல்லாரும் ஏதோ ஆபீஸ் மீட்டிங்குக்கு வந்தவர்கள்போல மெதுவாகப் பேசினார்கள். ஜம்புநாதனுக்குப் பட்டுக்கரை வேஷ்டி கட்டியிருந்தார்கள். ஆனால் கிராப்பைத் தப்புப் பக்கம் வாரிவிட்டிருந்தார்கள். ஜலஜாவுக்கு உடனே கண்ணில் பட்டது அதுதான்.

வார நாட்களில் ப்ரோக்ராமராகவும் வாரக் கடைசியில் வாத்தியாராகவும் இருக்கிற சுந்தரராமன் மந்திரங்களைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, அரிசித் தட்டை நீட்டினார். அனிருத் போட்டான். உறவுக்காரர்கள் என்று இருந்த நாலைந்து பேர் போட்டார்கள். பிறகு அனிருத், அம்மாவை இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். சவப்பெட்டியின் விளிம்பு அவள் மார்பளவுக்கு இருந்தது.

ஜலஜா தட்டுக்குள் கையை விட்டாள். விரல்கள் அரிசிக்குள் போயின. அரிசியின் ஈரமோ நெருடலோ எதுவும் தெரியவில்லை. கூட்டிப் பிடிக்கப் பார்த்தாள். பெருவிரல் மற்ற விரல்களோடு சேரவேயில்லை. கை வெறுமையாக வெளியே வந்தது. மறுபடி விட்டாள். இரண்டு மூன்று அரிசி புறங்கையில் ஒட்டிக்கொண்டு வந்து கார்ப்பெட்டில் உதிர்ந்தது.

"சிரமப்படாதீங்கோ மாமி," என்றார் சுந்தரராமன் இதமாக. "நீங்க தட்டைத் தொட்டாப் போறும். பையன் போட்டுடட்டும்."

"ஆமாம்மா. நான் போடறேன்," என்றான் அனிருத்.

"இரு," என்றாள் ஜலஜா. கூட்டத்தின்மேல் கண்ணை ஓட்டினாள். "வசந்தா எங்கே?"

கோட்டுகள் மாட்டியிருந்த சுவரோரம், கடைசி வரிசைக்கும் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். எல்லாரும் திரும்பிப் பார்க்க, தலையைக் குனிந்தபடியே முன்னால் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தது.

"என்னாலதானுங்க மாமி. நாந்தானுங்க அதை எடுத்து..."

"தெரியும். என் கையைப் பிடி."

"மாமி, நானு எப்படிங்க..."

சுந்தரராமன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அனிருத்தின் முகத்தைப் பார்த்தார். அனிருத் வசந்தாமணியையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அம்மாவைத் தாங்கியிருந்தவன், வசந்தாமணி நிற்க இடம் விட்டுச் சற்று நகர்ந்துகொண்டான்.

வசந்தாமணி தன் கையை ஜலஜாவின் கைமேல் வைத்து, ஒவ்வொரு விரலாகக் கூட்டி அரிசியை அள்ள வைத்தாள். கொண்டுபோய் அவர் உதட்டருகே நிறுத்தி, அவளே மெல்ல விரல்களைத் திறந்துவிட்டாள். மூன்று தடவை. மூன்றாவது தடவை ஜலஜா அவர் முகத்தருகே குனிந்து, "போயிட்டு வாங்கோ," என்றாள். ஆபீஸுக்குக் கிளம்பும்போது சொல்கிற அதே குரல்.

கறுப்பு ஸூட் போட்டவர்கள் மூடியை நகர்த்திக்கொண்டு வந்தார்கள். அனிருத் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தான். வசந்தாமணி பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். தன் கையை அவள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாளா, விட்டுவிட்டாளா என்று ஜலஜாவின் விரல்களுக்குத் தெரியவில்லை.

குனிந்து பார்த்தாள். பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.