நான்கு கரு

1

இந்தக் கதையை எனக்கு யார் சொன்னார்கள் என்பது சரியாக நினைவில்லை. மிருகக்காட்சிசாலை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அண்ணிதான் என்று நினைக்கிறேன். "நான் எப்ப சொன்னேன்?" என்கிறார் அவர். ஆகவே இது கதை.

2

ஆய்வகத்தில் ஆழ்ந்த அமைதி நிலவிய அந்த... (வேண்டாம். அங்கே குளிர்பெட்டி எந்நேரமும் உறுமும்.)

மகாராணி என்ற கிழட்டுக் குரங்குக்கு வயிற்றுப்போக்கு. அதன் மலத்தை அண்ணி நுண்ணோக்கியில் பார்த்தார். உருண்டையாக அமீபா, உள்ளே புள்ளிபோல நான்கு கரு. குடலை அரிக்கும் இனத்துக்கும் நான்கு, சும்மா குடியிருக்கும் இனத்துக்கும் நான்கு. இரண்டும் ஒரே அச்சு.

"எந்த இனம்மா?" என்றார் இயக்குநர்.

"கண்ணால பாத்துச் சொல்ல முடியாது சார்."

"இத்தனை வருஷமா பாக்குறீங்களே?"

"இன்னும் இத்தனை வருஷம் பாத்தாலும் அது அப்படியேதான் சார் இருக்கும்."

"வெள்ளிக்கிழமை மேலிடத்துலேந்து வர்றாங்க. அதுக்குள்ள பேர் தெரியலைன்னா, மத்ததுக்குப் பரவுறதுக்கு முன்ன ஊசி போட்டு முடிச்சிடுவோம்."

"மருந்து குடுக்கலாமே?"

"மருந்து வாங்கப் பேர் வேணும்மா. ஊசிக்குச் சந்தேகம் போதும்."

(இவரை வில்லனாக்க எனக்கு ஆசை. ஆனால் இவரும் நான்கு கரு ஆசாமி. கெட்டவரா, பயந்தவரா என்று வெளியிலிருந்து தெரியாது.)

3

மரபணுச் சோதனைக்கு மாதிரி வெளியூர் போனது. 'ஃபார்மலினில் ஊறியதைப் படிக்க முடியாது. புதிதாக அனுப்பவும்' என்று பதில் வந்தது. அனுப்பும் பிரிவுக்காரர் விதி தெரிந்தவர். வாசலைத் தாண்டும் எதிலும் ஃபார்மலின் ஊற்றிவிடுவார். கெட்டுப்போகக் கூடாதல்லவா?

வியாழக்கிழமை எல்லோரும் கூண்டின் முன் காத்திருந்தார்கள். மகாராணிக்கு வயிறு கட்டிக்கொண்டது.

"நேத்து வரைக்கும் நிறுத்து நிறுத்துன்னு கெஞ்சினேன்" என்றார் கூண்டுக்காரர். "இன்னைக்குப் போ கண்ணுன்னு கெஞ்சுறேன். அது என்னைப் பைத்தியம்னு நெனைக்குது மேடம்."

பார்க்காததை அண்ணி ஒருநாளும் எழுதியதில்லை. மகாராணி கம்பிக்கு வெளியே கை நீட்டி அவருடைய கைக்கடிகாரத்தை நோண்டியது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

4

முடிவு (அ): சோதனையில் உண்மை தெரிய... (பொய். மாதிரியே இல்லை.)

முடிவு (ஆ): அண்ணி அறைக்குப் போய், அறிக்கையில் ஒரு பெயரை எழுதினார்.

எந்தப் பெயர் என்று கேட்டேன். "நான் எப்ப சொன்னேன்?" என்றார்.

மகாராணி உயிரோடு இருக்கிறது. இயக்குநருக்குப் பதவி உயர்வு. கூண்டுக்காரர் நலம். அனுப்பும் பிரிவுக்காரர் இன்னும் ஊற்றுகிறார். அண்ணி அதே நுண்ணோக்கியில்தான் பார்க்கிறார். அறிக்கை எழுதுமுன் முன்னைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார். அமீபாவின் இனம் தெரியாது. நீங்கள் ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்ததாக மட்டும் சொல்லாதீர்கள்.