சளியில் இல்லாத கிருமி

அமிர்தசாமி வேளாங்கண்ணிக்கு நடக்கக் கிளம்பிவிட்டார் என்று கேட்டதும் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நடக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டா போவது? அவர் மனைவி லூர்துராணி போனில் அழுதார்.

"ஆறு மாச மாத்திரைல ரெண்டு மாசம்தான் போட்டிருக்காருங்க. பத்து நாளா தொடவேயில்ல. குணமானா நடந்து வரேன்னு நேந்துக்கிட்டாராம். மாத்திரையோட போனா மாதாவை நம்பலைன்னு ஆயிடுமாம்."

நான் அரசு ஆஸ்பத்திரியின் காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறவள்; அமிர்தசாமிக்கு மாத்திரை கொடுத்துக் கவனிப்பது என் பொறுப்பு. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பாலக்கரையில் அவர் வீட்டுக்குப் போய் மாத்திரையை வாங்கி, தஞ்சாவூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

துவாக்குடி தாண்டி ஒரு புளியமரத்தடியில் காவி வேட்டியோடு கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கூட ஏழெட்டுப் பேர், எல்லாரும் அவர் போகிற சர்ச்சுக்கு வருகிறவர்கள். தனியாக அழைத்துப் போய்ப் பொரிந்து தள்ளினேன்.

"சளியில கிருமி இல்ல, ஜெயிச்சிட்டீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க, ஜாஹ்னவி மேடம்?" என்றார்.

சொன்னேன்தான். கை குலுக்கி சாக்லேட் வேறு கொடுத்தேன். என் வாய்க்குப் பூட்டுத்தான் போட வேண்டும்.

"தப்பு என்னோடதுங்க. சளியிலதான் இல்ல. உடம்புல காவலுக்குன்னு சில செல் இருக்கு. கிருமி வந்தா முழுங்கி, அமிலத்துல கரைச்சிடும். இதையும் முழுங்கத்தான் செய்யுது. ஆனா உள்ள போன கிருமி, அந்த அமிலம் தன்கிட்ட வந்து சேராம தடுத்திடுது. காவல்காரனோட கொழுப்பையே தின்னுட்டு அங்கேயே கிடக்கும். சளியில தேடினா கிடைக்காது. மாத்திரையை நிறுத்தினா திரும்ப எழுந்து வரும். அப்ப இதே மாத்திரைக்கு அடங்காமலும் போகலாம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவங்க யாருக்கும் எனக்கு டி.பி.ன்னு தெரியாதுங்க. அவங்க முன்னாடி எப்படிப் போடுறது?"

மாதா பாதிக் காரணம்தான் என்று அப்போதுதான் புரிந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. மாத்திரையை அவர் கையில் வைத்தேன்.

அதைக் கைக்குள் மூடிக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பிப் போனார். "ஜூட், தண்ணி குடுப்பா. எனக்கு டி.பி. இன்னும் நாலு மாசம் மாத்திரை போடணும்."

ஜூட் கொடுத்த பாட்டிலில் வாய் வைத்துக் குடித்து, மாத்திரையை விழுங்கினார். பாட்டிலைத் திருப்பி நீட்டினார். ஜூட் வாங்கவில்லை. அமிர்தசாமியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

நான் ஸ்ரீரங்கத்துக்காரி. பெற்ற பிள்ளை எச்சில் செய்த டம்ளரைக்கூடக் கழுவாமல் தொடாத வீடு எங்களுடையது. பாட்டிலை வாங்கி, வாய் வைத்தே குடித்தேன்.

"இது தண்ணியில ஒட்டாதுங்க. இருமல்லதான் பரவும். இவர் சளியில இப்ப அது இல்ல," என்றேன்.

ஜூட் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, மீதியைக் குடித்தார்.