ஒன் மோர்

"ஆல்பம் முடியட்டும், நான் கிளம்பிடறேன்"னு சொன்னார் என் வீட்டுக்காரர், கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கிட்டே. என்னமோ வீடு காலி பண்ற குடித்தனக்காரர் மாதிரி! சண்டை போட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். "நமக்குள்ள ஒத்து வரலம்மா", அவ்வளவுதான் பேச்சு.

நான் பாடுறவ. அவர் கிட்டார், என் கொழுந்தன் டிரம்ஸ். ப்ளூஸ் ராக்னா மூணு பேருக்கும் உசிரு. இது எங்க முதல் ஆல்பம். ஒரு குடோனுக்கு மேல, சுவரெல்லாம் பழைய மெத்தை அடிச்ச ரூம்ல ரெக்கார்டிங். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு பண்றவனைக் கத்திரின்னு கூப்பிடுவோம்.

மத்த பாட்டெல்லாம் மளமளன்னு முடிஞ்சுது. பாக்கி ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்துக்கு முந்தி நான் அவருக்காக எழுதின பாட்டு. அதையும் பாடிட்டா மனுஷன் போயிடுவார். விடுவேனா?

முதல் தடவை பல்லவியில சுருதி விலகினேன். "ஒன் மோர்"னான் கத்திரி. அடுத்த தடவை பல்லவி சுத்தம், சரணத்துல வார்த்தையை முழுங்கினேன். "ஒன் மோர்." அப்புறம் ஒரு இருமல். ஒரே இடத்துல தப்பு பண்ணினா சந்தேகம் வருமேன்னு இடத்தை மாத்தி மாத்தித் தப்பு பண்ணினேன். பெரிய கெட்டிக்காரின்னு நெனப்பு!

"அண்ணி, கை கழண்டுடும் போலிருக்கு"ன்னு கொழுந்தன் கெஞ்சினான். அவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிஞ்சு முதல்லேர்ந்து வாசிச்சார். அந்த வாரம் பூரா மழை. ஒரே குடையில பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தோம். வெக்கங்கெட்டவ, அதுக்கே சந்தோஷப்பட்டேன்.

திங்கக்கிழமை போனா, கத்திரி பல்லெல்லாம் தெரியச் சிரிச்சான். "அக்கா, இதைக் கேளுங்க."

பாட்டு ஓடிச்சு. முழுசா, ஒரு பிசிறு இல்லாம. குரல் என்னோடதுதான். ஆனா நான் அப்படிப் பாடவே இல்லையே!

"ஒவ்வொரு தடவையும் நல்லா வந்த வரியைப் பொறுக்கி, வெட்டி ஒட்டிட்டேன். நீங்க ஒரே வரியில திரும்பத் திரும்பத் தப்பு பண்ணல பாருங்க, அதனால ஈஸி."

"எவன்டா உன்னை ஒட்டச் சொன்னான்?"

அவன் முகம் சுண்டிப் போச்சு. "அண்ணன்தான் சொன்னாரு..."

திரும்பினேன். அவர் கிட்டாரைப் பெட்டியில வச்சுக்கிட்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அந்த இருமல்லயே தெரியும்மா"ன்னார். பாசமாத்தான் சொன்னார். அதைத்தான் என்னால தாங்க முடியல.

ஆல்பம் வெளியீடு ஒரு சின்ன ஹால்ல. வீட்டை விட்டுப் போயிருந்தவர் அதுக்கு மட்டும் வந்தார். மேடையில அந்தப் பாட்டைப் பாடி முடிச்சதும் விசில் பறந்துச்சு. "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" பாவி மனசு, அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கிட்டார் வயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கிட்டிருந்தார்.

கொழுந்தன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு மெதுவா தாளம் பிடிச்சான். கிட்டார் இல்லாமலே ஆரம்பிச்சேன். சரணம் வரும்போது பின்வாசல் கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. நான் நிறுத்தல. அழுதுக்கிட்டேதான் பாடினேன், ஆனா ஒரு இடத்துலகூடத் தப்பு பண்ணல.